சின்னக் குழந்தையோடு ஜூலை 4 கொண்டாடுவது எப்படி: காலையிலிருந்து இரவு வரை முழு வழிகாட்டி

அமெரிக்காவில் இருக்கும் நம் வீடுகளில் இந்நாட்டுச் சுதந்திர தினமான ஜூலை 4 என்றால் பெரும்பாலும் ஒரே திட்டம்தான், ராத்திரி வாணவேடிக்கை பார்க்கப் போவது. நாங்களும் அப்படித்தான் ஆரம்பித்தோம். மகளுக்கு அப்போது இரண்டரை வயது. ஊர்ப் பூங்காவில் ஏழு மணிக்கே போய்ப் போர்வை விரித்து இடம் பிடித்து, ஒன்பதரை வரை அவளை எப்படியோ விழித்திருக்க வைத்தோம். முதல் வெடிச் சத்தம் கேட்டதும் என் கழுத்தைக் கட்டிக்கொண்டு அலற ஆரம்பித்தவள், அரை மைல் தள்ளி நின்ற காருக்கு வந்து சேரும்வரை அழுகையை நிறுத்தவில்லை. அதற்கப்புறம் இரண்டு மாதம் தலைக்கு மேல் விமானம் போனாலே காதைப் பொத்திக்கொள்வாள்.

அடுத்த வருஷம் அந்த நாளின் திட்டத்தையே தலைகீழாக மாற்றினோம். சின்னக் குழந்தைக்கு ஜூலை 4 என்பது காலைப் பண்டிகை. கொடி, பரேடு, தர்பூசணி, தண்ணீர் விளையாட்டு எல்லாம் பகலில்தான் நடக்கிறது. வாணவேடிக்கை முடிந்தால் பார்க்கலாம், முடியாவிட்டால் ஒன்றும் குறையாது. இப்படி மூன்று வருஷம் கொண்டாடிவிட்டோம், இப்போது அவளுக்கு ஐந்தரை வயது. இரண்டிலிருந்து ஆறு வயது வரை குழந்தை இருக்கும் வீடுகளுக்காக, நாங்கள் செய்வதை வரிசையாக எழுதுகிறேன். நாங்கள் இருப்பது நியூ ஜெர்சி. நேரம், சட்டம் எல்லாம் உங்கள் ஊருக்குத் தகுந்தபடி மாறும்.

முதல் வேலை: குழந்தைக்கு என்ன கதை சொல்வது

கடைக்குப் போவதற்கு முன்னால் இதை முடிவு செய்யுங்கள். இது எதற்காக லீவு என்று தெரியாத குழந்தைக்கு அது இன்னொரு சத்தமான நாள், அவ்வளவுதான்.

நான் சொல்லும் கதை இது: "ரொம்ப வருஷத்துக்கு முன்னாடி, இங்க இருந்தவங்க எல்லாரும் கடலுக்கு அந்தப் பக்கம் இருந்த ஒரு ராஜா பேச்சைக் கேட்கணும். இவங்களைக் கேட்காமலே வரி போட்டாங்க. ஒரு நாள் பெரியவங்க எல்லாம் கூடி, இனிமே எங்களை நாங்களே பார்த்துக்கறோம்னு ஒரு கடிதம் எழுதினாங்க. அந்தக் கடிதத்துக்குத்தான் இன்னைக்குப் பிறந்தநாள்." பிறந்தநாள் என்றதும் மூன்று வயதுக் குழந்தைக்குக் கூடப் புரிந்துவிடுகிறது. கேக் உண்டா என்றுதான் அடுத்த கேள்வி வரும்.

உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டியது இன்னும் கொஞ்சம். 1776 ஜூலை 2 அன்றே பிலடெல்பியாவில் கூடிய காங்கிரஸ், அதாவது குடியேற்றங்களின் பிரதிநிதிகள் சபை, பிரிட்டனிடமிருந்து பிரிவதென்று வாக்களித்துவிட்டது. ஜூலை 4 அன்று ஏற்றுக்கொண்டது சுதந்திரப் பிரகடனத்தின் வாசகத்தை. பெரும்பாலானவர்கள் கையெழுத்துப் போட்டது ஆகஸ்ட் 2 அன்று. ஜூலை 2-தான் காலாகாலத்துக்கும் கொண்டாடப்படும் என்று நம்பி, அந்தக் காங்கிரஸில் இருந்த ஜான் ஆடம்ஸ் தன் மனைவி அபிகெய்லுக்குக் கடிதமே எழுதினார். அணிவகுப்பு, விளையாட்டு, மணியோசை, விளக்கு அலங்காரம் எல்லாம் இருக்கும் என்று அதில் அவர் சொன்னது அப்படியே பலித்தது, தேதி மட்டும் இரண்டு நாள் தள்ளிப் போய்விட்டது. ஜூலை 8 அன்று பிரகடனத்தைப் பொது இடத்தில் உரக்க வாசித்த ஊர்களில் பிலடெல்பியாவோடு எங்கள் மாநிலத் தலைநகர் டிரென்டனும் ஒன்று. நம் பக்கத்து ஊரிலேயே நின்று வாசித்தார்கள் என்று சொன்னால் கதை குழந்தைக்கு இன்னும் கிட்டே வந்துவிடும்.

நம் பிள்ளைகளிடமிருந்து கட்டாயம் ஒரு கேள்வி வரும்: பாட்டி ஊருக்கும் ஒரு கொடி நாள் உண்டே, அது என்ன? அங்கேயும் இங்கிலாந்து ராஜாதான் என்று சொல்லிவிடுங்கள். 1776-இல் இருந்தவர் மூன்றாம் ஜார்ஜ், 1947-இல் இருந்தவர் அவருடைய வம்சத்தில் வந்த ஆறாம் ஜார்ஜ். இடையில் 171 வருஷம். "ரெண்டு ஊருக்கும் ஜார்ஜா!" என்று என் மகள் கேட்டுச் சிரித்த அன்றுதான், இந்த நாள் எங்கள் வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது என்று எனக்குத் தோன்றியது. அவள் இங்கே பிறந்தவள். இது அவளுடைய தேசத்தின் நாள். நாம் வேறு ஊரிலிருந்து வந்தவர்கள் என்பதற்காக அவள் அதை ஓரமாக நின்று வேடிக்கை பார்க்கக் கூடாது என்பதில் எனக்குப் பிடிவாதம் உண்டு.

ஐந்து வயதுக்கு மேல் இன்னொன்றையும் சேர்த்துச் சொல்லுங்கள். எல்லா மனிதரும் சமம் என்று அந்தக் கடிதத்தில் எழுதினார்கள், ஆனால் அதே நேரத்தில் கறுப்பின மக்களை அடிமையாக வைத்திருந்தார்கள், அதைச் சரிசெய்ய ரொம்ப வருஷம் ஆனது, நிறையப் பேர் போராடினார்கள். இதை மறைத்துக் கதை சொன்னால் பத்து வயதில் அவளே படித்துவிட்டு வந்து நம்மைக் கேட்பாள். அடிமை முறை முடிந்ததை நினைவுகூரும் ஜூன் 19 விடுமுறைக்கும் ஜூலை 4-க்கும் இரண்டு வாரம்தான் இடைவெளி என்பதால் இரண்டையும் சேர்த்துப் பேசுவது சுலபம்.

இரண்டு வாரம் முன்னால்: எங்கே, எப்போது

உங்கள் டவுன்ஷிப் இணையதளத்தைத் திறந்து மூன்று விஷயம் பாருங்கள்: பரேடு எத்தனை மணிக்கு, வாணவேடிக்கை எந்தத் தேதியில், மழை பெய்தால் மாற்று நாள் எது. பல ஊர்களில் வாணவேடிக்கை 4-ஆம் தேதி நடப்பதில்லை, ஓரிரண்டு நாள் முன்னே பின்னே வைத்துவிடுகிறார்கள். இது குழந்தை இருக்கும் வீட்டுக்கு ரொம்ப வசதி. இரண்டையும் ஒரே நாளில் திணிக்காமல் ஒரு நாள் பரேடு, இன்னொரு நாள் வாணவேடிக்கை என்று பிரித்துக்கொள்ளலாம்.

பெரிய ஊர்க் கொண்டாட்டங்களுக்கு, அதாவது நியூயார்க்கில் 1976-லிருந்து மேசிஸ் கடை நடத்தும் வாணவேடிக்கை, பாஸ்டன் ஆற்றங்கரைக் கச்சேரி, வாஷிங்டன் நேஷனல் மால் திடல் இதற்கெல்லாம், நான்கு வயதுக்குக் கீழே உள்ள குழந்தையைக் கூட்டிப் போகாதீர்கள் என்பது என் கருத்து. மணிக்கணக்கில் வெயிலில் காத்திருக்க வேண்டும், கழிவறைக்கு வரிசை, கூட்டத்தை விட்டு நடுவில் வெளியே வரவும் முடியாது. சின்ன ஊர்ப் பரேடுதான் குழந்தைக்கு ஏற்ற அளவு. 2026 கொண்டாட்டம் 250-ஆவது ஆண்டுக்கானது, ஜூலை 4 சனிக்கிழமை வருகிறது, ஆகவே எங்கும் வழக்கத்தைவிடக் கூட்டம் இருக்கும் என்று வைத்துத் திட்டமிடுங்கள்.

ஒரு வாரம் முன்னால்: வெண்டைக்காய்க் கொடியும் காது மூடியும்

கொடி செய்வதற்குக் கடையில் அச்சு எதுவும் வாங்க வேண்டாம். முற்றிய வெண்டைக்காய் இரண்டு போதும். காம்புப் பக்கம் குறுக்கே வெட்டினால் ஐந்து முனை நட்சத்திரம் மாதிரியே இருக்கும். வெட்டிய முகத்தைத் துணியில் ஒற்றி வழவழப்பை எடுத்துவிட்டு, வெள்ளை வண்ணத்தில் லேசாகத் தொட்டு நீலக் காகிதத்தில் அழுத்தச் சொல்லுங்கள். வழவழப்பு இருந்தால் வண்ணம் ஒட்டாமல் இழுத்துக்கொண்டு போகும், நாங்கள் முதல் காகிதத்தை அப்படித்தான் வீணாக்கினோம். சில காய்களில் ஆறு ஏழு முனை வரும். பரவாயில்லை, எது ஐந்து முனை என்று எண்ணித் தேடுவதே ஒரு விளையாட்டு.

கொடியில் 50 நட்சத்திரம், 50 மாநிலத்துக்கு. ஆறும் ஐந்துமாக மாறி மாறி ஒன்பது வரிசை. பட்டை 13, அதில் சிவப்பு ஏழு, வெள்ளை ஆறு, முதலில் சேர்ந்த 13 குடியேற்றங்களுக்காக. மூன்று வயதுக் குழந்தை இருபது நட்சத்திரத்துக்குள் எழுந்து போய்விடும், மீதியை நீங்கள் குத்த வேண்டாம், அப்படியே ஒட்டுங்கள். என் மகளின் முதல் கொடியில் 17 மாநிலம்தான் இருந்தது. இன்னமும் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் இருக்கிறது.

அடுத்தது காது மூடி. குழந்தைகளுக்கென்று தலைக்கு மேல் மாட்டும் பெரிய மூடிகள் கிடைக்கின்றன, அதைத்தான் வாங்க வேண்டும். காதுக்குள் செருகும் பஞ்சு மாதிரியான அடைப்பான் சின்னக் குழந்தைக்கு வேண்டாம், கழற்றி வாயில் போட்டுக்கொள்ளும். வாங்கிய அன்றே மாட்டிப் பழக்குங்கள். மிக்ஸி ஓடும்போது ஒரு நிமிஷம், வாக்கும் கிளீனர் போடும்போது இரண்டு நிமிஷம். அன்றைக்குத்தான் முதல்முறை மாட்டினால் அதையே பிடுங்கி எறியும்.

கூடவே வாணவேடிக்கை வீடியோவை முதலில் சத்தமில்லாமல், அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகச் சத்தம் ஏற்றிக் காட்டுங்கள். வெளிச்சம் முதலில் வரும், சத்தம் பின்னால் வரும் என்று சொல்லிக்கொடுங்கள். ஒலி ஒரு கிலோமீட்டர் வர ஏறக்குறைய மூன்று நொடி ஆகும். வெளிச்சத்தைப் பார்த்ததும் "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று எண்ணினால் சத்தம் வந்துசேரும். எங்கள் வீட்டில் பயத்தைப் போக்கியது இந்த எண்ணிக்கைதான், வேறு எதுவும் இல்லை. எப்போது வரும் என்று தெரிந்த சத்தம் குழந்தையைத் திடுக்கிட வைப்பதில்லை.

முந்தின நாள்: பையும் சாப்பாடும்

பையில் வைப்பது: தண்ணீர், தொப்பி, எஸ்பிஎஃப் 30 அல்லது அதற்கு மேல் உள்ள சன்ஸ்கிரீன், ஈரத் துடைப்பான், ஒரு முழு மாற்று உடை, காது மூடி, சிறிய துணிப் பை. துணிப் பை எதற்கு என்று பரேடில் சொல்கிறேன். கொசு மருந்து வாங்கும்போது லேபிளைப் படியுங்கள், எலுமிச்சை யூகலிப்டஸ் எண்ணெய் உள்ளவை மூன்று வயதுக்குக் கீழே கூடாது.

சாப்பாடு விஷயத்தில் நம் கட்டுசாதம் மாதிரி வசதி எதிலும் இல்லை. எலுமிச்சை சாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் கட்டிக்கொண்டால் குழந்தைக்கு மதியம் வரை கவலை இல்லை. தயிர் சாதத்தை மட்டும் ஐஸ் பெட்டியில் வையுங்கள்.

காலை: கொடி, உடை, பரேடு

எழுந்ததும் கொடியைக் குழந்தை கையாலேயே வாசலில் வைக்கச் சொல்லுங்கள். கொடி தரையில் படக் கூடாது என்பதை அப்போதே சொல்லிக்கொடுக்கலாம். உடை சிவப்பு, வெள்ளை, நீல நிறங்களில் இருந்தால் போதும். இங்குள்ள கொடி நெறிமுறை, கொடியையே உடையாகப் போடவோ காகிதத் துடைப்பானில் அச்சடிக்கவோ கூடாது என்கிறது. நடைமுறையில் எல்லாரும் போடுகிறார்கள், யாரும் கேட்பதில்லை. ஆனாலும் ஆகஸ்ட் 15-க்குச் சட்டையில் கொடியைக் குத்தி விறைப்பாக நின்று வளர்ந்த எனக்கு அதைக் கால்சட்டையாகப் போட்டுவிட மனம் வரவில்லை. நீலப் பாவாடை, சிவப்பு ரிப்பன், வெள்ளைச் சட்டை என்று போட்டுவிடுவேன்.

பரேடுக்கு அரைமணி முன்னால் போய் நிழல் விழும் பக்கமாக இடம் பிடியுங்கள். பலர் விடிவதற்குள் மடக்கு நாற்காலியைக் கொண்டுவந்து நடைபாதை ஓரம் வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். அதை யாரும் தொடமாட்டார்கள், நீங்களும் முந்தின நாள் இரவே விசாரித்து வைக்கலாம். தீயணைப்பு வண்டிதான் குழந்தைகளுக்கு உயிர். ஆனால் அது சைரனை முழுச் சத்தத்தில் அடித்துக்கொண்டு வரும், வண்டி தூரத்தில் தெரியும்போதே காது மூடியை மாட்டுங்கள். வண்டிகளிலிருந்து மிட்டாய் எறிவார்கள், அதற்குத்தான் அந்தத் துணிப் பை. உருண்டு சாலைக்குள் போன மிட்டாயை எடுக்க ஓடக் கூடாது என்று வீட்டிலேயே இரண்டு தடவை சொல்லி அழைத்துப் போங்கள், பரேடில் நான் பயப்படுவது இந்த ஒன்றுக்குத்தான்.

முன்னாள் ராணுவத்தினர் நடந்து வரும்போது எல்லாரும் எழுந்து கை தட்டுவார்கள், தேசிய கீதம் வந்தால் தொப்பியைக் கழற்றி நெஞ்சில் கை வைப்பார்கள். குழந்தை உங்களைப் பார்த்துத்தான் செய்யும். அதனால் நீங்கள் எழுந்து நில்லுங்கள், போன் அப்போது பைக்குள் இருக்கட்டும்.

சில ஊர்களில் குழந்தைகளுக்கு மட்டும் சைக்கிள் பரேடு உண்டு. சக்கரக் கம்பிகளுக்கு நடுவே நிறக் காகிதத்தை நெய்துவிட்டுக் கைப்பிடியில் ரிப்பன் கட்டினால் போதும். காகித நுனி சங்கிலியில் மாட்டாதபடி வெட்டிவிடுங்கள்.

மதியம்: கிரில், ஹாட் டாக், இரண்டு மணி மணியோசை

நண்பர்கள் வீட்டுப் பார்பிக்யூ என்றால் கிரிலைச் சுற்றித் தரையில் சாக்பீஸால் ஒரு பெரிய வட்டம் போட்டு, அதற்குள் குழந்தைகள் வரக் கூடாது என்று வைத்துவிடுங்கள். மூன்று அடியாவது தள்ளி இருக்க வேண்டும்.

இதைக் கவனமாகப் படியுங்கள். நான்கு வயதுக்குக் கீழே உள்ள குழந்தைக்கு ஹாட் டாக்கை வட்ட வட்டமாக வெட்டித் தராதீர்கள். அந்த வட்டத்தின் அளவு குழந்தையின் தொண்டையை அப்படியே அடைத்துக்கொள்ளும். முதலில் நீளவாக்கில் நான்காகக் கீறி, அப்புறம் சின்னத் துண்டாக்க வேண்டும். சைவ ஹாட் டாக்குக்கும் இதேதான். திராட்சையையும் நீளவாக்கில் நான்காக வெட்டுங்கள். பாப்கார்ன், முழு வேர்க்கடலை இரண்டும் நான்கு வயதுவரை வேண்டாம். சோளக் கருதைச் சுட்டு, கத்தியால் முத்துகளைச் சீவி, உப்பும் எலுமிச்சையும் தடவிக் கொடுத்தால் மெரினா ருசி வந்துவிடும்.

உருளைக்கிழங்கு சாலட், வெட்டிய பழம், தயிர்ப் பச்சடி மாதிரியானவை வெளியே இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது. வெயில் 90 டிகிரி பாரன்ஹீட்டைத் தாண்டினால் ஒரு மணி நேரம்தான் கணக்கு.

இரண்டு மணிக்கு எங்கள் வீட்டு வழக்கம் ஒன்று இருக்கிறது. பிலடெல்பியாவில் சுதந்திர மணி என்று ஒன்று இருக்கிறது, விரிசல் விட்ட பெரிய மணி, ஆயிரம் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. ஒவ்வொரு ஜூலை 4 அன்றும் பிற்பகல் இரண்டு மணிக்கு, பிரகடனத்தில் கையெழுத்திட்டவர்களின் வழிவந்தவர்கள் அதை 13 முறை மெல்லத் தொடுவார்கள். விரிசல் இருப்பதால் அடிப்பதில்லை. அதே நேரத்தில் நாட்டின் வேறு இடங்களிலும் மணி அடிப்பார்கள். நாங்கள் பூஜை அறையிலிருந்து கைமணியை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்துவிடுவோம். மகள் ஒவ்வொன்றாக அடிக்க, நான் மாநிலப் பெயர் சொல்ல, நியூ ஜெர்சி வரும்போது மட்டும் அவள் பலமாக அடிப்பாள். பக்கத்து வீட்டுத் தாத்தா முதல் வருஷம் எட்டிப் பார்த்தார், இரண்டாம் வருஷம் தானும் ஒரு சின்ன மணியோடு வந்து நின்றார். செலவில்லாத, வெடியில்லாத, இரண்டு நிமிஷக் கொண்டாட்டம். எல்லா வீட்டிலும் இதைச் செய்யுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

மணி அடித்ததும் தூக்கம். மாலைக்கு என்ன திட்டம் இருந்தாலும் பகல் தூக்கத்தை விடாதீர்கள். தூங்கும் வயது தாண்டியிருந்தால் திரையை மூடிவிட்டு ஒரு மணி நேரம் படுத்திருக்கட்டும். வெயில் தாழ்ந்ததும் தண்ணீர் விளையாட்டு. சன்ஸ்கிரீனை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, தண்ணீரிலிருந்து வந்ததும் ஒருமுறை தடவ வேண்டும்.

இரவு: போவதா, வேண்டாமா

எங்கள் பக்கம் ஜூலை முதல் வாரத்தில் சூரியன் மறைய எட்டரை ஆகிவிடும். நன்றாக இருட்டி முதல் வாணம் ஏற ஒன்பதேகாலுக்கு மேல். எட்டு மணிக்குத் தூங்கும் குழந்தைக்கு இது நடுராத்திரி. மூன்று வயதுவரை போகாதீர்கள் என்றே சொல்வேன். தூங்கட்டும், மறுநாள் காலையில் டிவியில் பதிவைக் காட்டினால் அவளுக்கு அதுவும் புதுசுதான்.

நான்கு வயதுக்கு மேல் போவதென்றால், கிட்டே போகாமல் ஒரு மைல் தள்ளி, மேடான கார் நிறுத்தும் இடமாகப் பாருங்கள். வெடி எல்லாம் முழுதாகத் தெரியும், சத்தம் தணிந்து வரும், பிடிக்காவிட்டால் காருக்குள் ஏறிக் கண்ணாடியை ஏற்றிவிடலாம். கிளம்புவதற்கு முன்பே இரவு உடையை மாட்டி, பல் தேய்த்து, கழிவறைக்குப் போகவைத்துவிடுங்கள், திரும்பும்போது காரிலேயே தூங்கிவிடும். காரின் மூக்கு வெளியேறும் பக்கம் பார்த்து நிற்கட்டும். கூட்டத்துக்குள் போகிறீர்கள் என்றால் குழந்தையின் முன்கையில் உங்கள் போன் நம்பரைப் பேனாவால் எழுதிவிடுங்கள்.

குழந்தை "வீட்டுக்குப் போகலாம்" என்றால் உடனே கிளம்புங்கள். இன்னும் ஐந்து நிமிஷம், கடைசி வெடிதான் அழகு என்று சொல்லிப் பிடித்து வைக்காதீர்கள். அந்த முதல் வருஷம் பூங்காவில் நான் அந்த ஐந்து நிமிஷத்துக்காகத்தான் உட்கார்ந்திருந்தேன்.

கம்பி மத்தாப்பு பற்றி

தீபாவளிக்கு நாம் எல்லாரும் சின்ன வயதில் பிடித்ததுதான், அதனால் இங்கும் பயமில்லாமல் கொடுத்துவிடுகிறோம். அது எரியும் சூடு ஏறக்குறைய 2,000 டிகிரி பாரன்ஹீட். தண்ணீர் கொதிப்பது 212-இல். சட்டை நுனியில் ஒரு பொறி போதும். ஐந்து வயதுவரை கையில் கொடுக்கவே வேண்டாம், நீங்கள் பிடித்துப் பத்தடி தள்ளி நின்று காட்டுங்கள். பக்கத்தில் தண்ணீர் வாளி இருக்க வேண்டும், எரிந்த கம்பி உடனே அதற்குள் போக வேண்டும், ஏனென்றால் அணைந்த கம்பியை மிதித்தும் குழந்தைகள் சுட்டுக்கொள்ளும்.

சட்டம் மாநிலத்துக்கு மாநிலம் வேறு. நியூ ஜெர்சியில் 2017 முதல் கம்பி மத்தாப்பு, பாம்பு மாத்திரை மாதிரியானவற்றுக்கு அனுமதி உண்டு, மேலே பறப்பது, வெடிப்பது எதற்கும் கிடையாது. மாசசூசெட்ஸில் வீட்டில் எதையும் கொளுத்தக் கூடாது. குழந்தை கைக்கு என்றால் ஒளிரும் குச்சிகள் வாங்குங்கள், குளியலறையில் விளக்கை அணைத்துவிட்டுத் தொட்டித் தண்ணீரில் நாலைந்து மிதக்கவிட்டுக் குளிப்பாட்டினால் அதுவே அவளுக்கு வாணவேடிக்கை.

மறுநாள்

குழந்தை வெறுங்காலோடு தோட்டத்துக்கு ஓடுவதற்கு முன்னால் நீங்கள் ஒரு சுற்று வாருங்கள். பக்கத்து வீட்டு வெடியின் கருகிய அட்டை, கம்பி எல்லாம் நம் புல்லில்தான் விழுந்து கிடக்கும், வெடிக்காத ஏதாவது கிடந்தால் கையால் எடுக்காமல் நன்றாகத் தண்ணீர் ஊற்றி நனைத்துவிடுங்கள். அந்த வாரம் முழுக்க அக்கம்பக்கத்தில் யாராவது வெடித்துக்கொண்டேதான் இருப்பார்கள், அதனால் காது மூடியை உடனே பரணில் போட்டுவிடாமல் படுக்கைக்குப் பக்கத்திலேயே வைத்திருங்கள்.